நோகாத இடுப்பு

வைத்தியரிடம் போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு நோவு மாத்திரை விழுங்கிவிட்டுப் போகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவருடைய பெயர் ராசமலர். டென்மார்க்கில், எஸ்பியர்க்கில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்கு மலர் அக்கா. இடது இடுப்பு மூட்டு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்த காலத்தில், அந்த இடுப்பைக் காட்டத்தான் அவர் வைத்தியரிடம் போனார். நொண்டிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்காதே! அதற்குத்தான் மாத்திரை.

"ஒரு டொக்டருக்கு முன்னால ஏலாவாளி மாதிரிப் போய் நிக்கச் சொல்லுறீரோ?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஏலாதவர்கள்தானே அக்கா வைத்தியரிடம் போவது என்றால் அவருக்கு விளங்காது. நான் மட்டக்களப்பு, பெயர் செலீனா. அவர் யாழ்ப்பாணம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கொமூன், அதாவது நகரசபை, நடத்துகிற ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பதினாறு வருடமாக இருவரும் ஒன்றாக வேலை செய்கிறோம். இந்தப் பதினாறு வருடத்தில் அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது என்னுடைய மடைத்தனம்.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் தவராஜா அண்ணை முதலில் அகதியாக வந்து ஸ்கீவ பக்கம் குடியமர்த்தப்பட்டவர். மலர் அக்கா பின்னால் வந்து சேர்ந்தார். மீன் பக்டரியில் அண்ணைக்கு வேலை கிடைத்ததும் இருவரும் எஸ்பியர்க்குக்கு வந்தார்கள். அக்கா பள்ளிக்கூடங்களில் தரை துடைத்தார், டெனிஷ் படித்தார், நாற்பது வயதில் முதியோர் பராமரிப்புப் படிப்புக்குப் போய் வகுப்பிலேயே மூத்த மாணவியாக இருந்து சித்தியடைந்தார். ஒரே மகன் சுஜன், தலைநகருக்குப் பக்கத்தில் இஷொயில் இருக்கிறான், கணினி வேலை. அண்ணை இப்போது பென்சன். கடல் காற்று அடித்தால் விசிலடிக்கிற ஜன்னல்களுடன் ஒரு பழைய வீடு இருக்கிறது. அந்த ஜன்னல்களை மாற்றுவதற்கென்று கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருந்தார்கள்.

இடுப்பு நோவு தொடங்கி மூன்று வருடம். வருத்தம் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வேலையில் சொல்லாமலே தெரிந்துவிடும். போன வருடம் பனிக்காலம் முடிந்ததும் எங்கள் பொறுப்பாளர் அவரைக் கூப்பிட்டு மிகவும் அன்பாக, மிகவும் மெதுவாக, வருடம் முடிவதற்குள் இடுப்புக்கு ஒரு வழி பாருங்கள், இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடர்வது பற்றி நாம் கதைக்க வேண்டிவரும் என்றார். அன்று அக்கா உடுப்பு மாற்றும் அறையில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இந்த வேலை இல்லாட்டி எனக்கு விசர் பிடிக்கும், செலீனா." அது பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மனிசிக்கு வேலைதான் உயிர்.

ஆகவே குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுக்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு மாத்திரை. சுஜனின் பட்டமளிப்புக்கு வாங்கிய நல்ல கோட்டு. பொட்டு, சங்கிலி, கொஞ்சம் பவுடர். அங்கே இருந்த பெண் சத்திரசிகிச்சை நிபுணர் கேள்வி கேட்டார். நோவு பூச்சியத்திலிருந்து பத்துவரை எவ்வளவு? இரண்டு. படி ஏற முடியுமா? ஓம். நித்திரை? நல்ல நித்திரை. சப்பாத்து, மேஸ், அதாவது காலுறை, போடுவது? பிரச்சினை இல்லை. கொஞ்சம் நடந்து காட்டுங்கள் என்றபோது பரிசளிப்பு விழாவில் மேடைக்குப் போகிற பிள்ளைபோல நிமிர்ந்து நடந்து காட்டினாராம். இதையெல்லாம் அவரே பெருமையாக என்னிடம் சொன்னார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மூட்டில் தேய்மானம் தெளிவாக இருக்கிறது, ஆனால் நோயாளி நன்றாக இயங்குகிறார், நோவு குறைவு, தற்போது சத்திரசிகிச்சைக்கு அவசியம் தெரியவில்லை, பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்யுங்கள், கூடினால் திரும்பி வாருங்கள். அவ்வளவுதான். வேறென்ன எழுதுவார்கள்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

பயிற்சிக்கும் போனார். வகுப்பில் இருந்த டெனிஷ்காரர்கள் எல்லோரும் முக்கி முனகிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் செய்து முடித்தார். பயிற்சி கொடுத்த பெடியன், "ராசமலரைப் பாருங்கள்!" என்று மற்றவர்களுக்குக் காட்டினானாம். வீட்டுக்கு வந்து அரை நாள் சோபாவில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. எங்கள் சனத்துக்கு ஒரு வருத்தம் கிடைத்தால் போதும், டொக்டர் ஆகாதவர் யாருமில்லை. சென்னைக்குப் போ, விமானச் செலவோடு சேர்த்தும் இங்கே தனியாரிடம் செய்வதில் பாதிக் காசுதான் என்றார் ஒருவர். அங்கே யார் சமைத்துப் போடுவது, புது இடுப்போடு பத்து மணித்தியாலம் விமானத்தில் எப்படி இருப்பது என்று கேட்டால், அதெல்லாம் சமாளிக்கலாம் என்றார். அவர் ஒருநாளும் இடுப்பு மாற்றியவர் அல்ல. வெள்ளவத்தையிலிருந்து அண்ணையின் தங்கை சுசீலாதேவி, கொழும்பில் செய்யலாம், என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றார். அந்த அறை மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை.

கடைசியில் தவராஜா அண்ணை ஒரு முடிவுக்கு வந்தார். இங்கேயே தனியார் ஆஸ்பத்திரியில் செய்வது. ஒரு மணித்தியாலம் கார் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். விலை தொண்ணூற்றாறாயிரம் குரோனர். ஜன்னல் காசு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். ஆனால் மூன்று கிழமையில் செய்து தருவார்கள்.

"எழும்பி வந்து கை குடுத்தவை, செலீனா," என்றார் அண்ணை. "கோப்பி, கேக். பஞ்சுக் கதிரை. எக்ஸ்றேயைப் பாத்த உடனயே செய்யலாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"அங்கயும் நோவு எவ்வளவு எண்டு கேட்டாங்களா?"

"கேட்டவை. ரெண்டு எண்டு சொன்னவ."

முற்பணம் கட்ட இரண்டு கிழமை அவகாசம். சுஜன் இஷொயிலிருந்து தொலைபேசியில், பாதி டெனிஷிலும் பாதித் தமிழிலும், தான் கடன் எடுத்துத் தருகிறேன் என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அவனும் ஒரு கேள்வி கேட்டான். அம்மா, இது இங்கே இலவசம்தானே, ஏன் தரமாட்டேன் என்றார்கள்? அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத்தான் வந்தது, அடுத்தநாள் காலை, நாங்கள் இருவரும் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது.

"காசு குடுத்துச் செய்தால் ஆக்கள் மதிப்பினம், செலீனா. இலவசமெண்டால் எங்கட நோவை முழுக்க விரிச்சுக் காட்டி, கெஞ்சிக்கொண்டு நிக்கோணும். சும்மா வாறதுக்கு ஒரு தரம் இருக்குமே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது.

"அக்கா, நாம இஞ்ச செய்யிறதும் சும்மாதானே. இந்த இங்கெர் கிழவிக்கு விடிய எழும்பிக் கழுவித் துடைச்சு உடுப்புப் போட்டு விடுறமே, அவ நமக்குக் காசா எண்ணித் தாறா? அப்ப உங்கட வேலையும் மட்டமா?"

"நான் செய்யிறது வேற."

"என்ன வேற?"

"நான் வடிவாய்ச் செய்யிறனான்."

"அங்க இருக்கிறவங்களும் வடிவாத்தான் செய்வாங்க. முப்பது வருசமா மாசம் மாசம் வரி கட்டினீங்களே, அது ஆருக்கு? ராசாவுக்கா? இது பிச்சையில்ல அக்கா, உங்கட காசு!"

அவர் விரிப்பின் மூலையை இழுத்து ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்துச் செருகினார். கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

முற்பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு இங்கெரின் அறையிலிருந்து அவசர மணி அடித்தது. இங்கெருக்குத் தொண்ணூற்றொரு வயது, முன்பு பண்ணைக்காரி. அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்து ஓடினேன். இங்கெர் கதிரையில் சௌக்கியமாக இருந்தார். நிலத்தில் இருந்தவர் மலர் அக்கா. இங்கெருக்கு இறுக்கமான கால் மேஸ் போட்டுவிட முழங்காலில் இருந்தவர் எழும்ப முடியாமல், ஒரு கையில் மேஸும் மறு கையில் கட்டில் காலுமாக அப்படியே இருந்தார். அவருக்காகத்தான் இங்கெர் மணியை அடித்திருக்கிறார். அடித்துவிட்டு, அக்காவின் தலையை மெல்லத் தட்டிக்கொண்டும் இருந்தார்.

"ஒண்டுமில்லை. சத்தம் போடாதையும்," என்றார் அக்கா. முகம் சாம்பல் நிறமாக இருந்தது.

இன்னொரு ஊழியரும் ஓடிவர, இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போது அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. நான் அந்தச் சத்தத்தை இந்த இல்லத்தில் நிறையக் கேட்டிருக்கிறேன், ஆனால் அவரிடமிருந்து கேட்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அழுகையும் வந்தது. எனக்கு அழுகை வந்தால் பின்னால் ஏச்சு வரும்.

ஊழியர் அறைக் கதவைச் சாத்தினேன். இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் இல்லத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் தினமும் கணினியில் குறிப்பு எழுத வேண்டும். சாப்பிட்டாரா, நடந்தாரா, என்ன மாற்றம் என்று. அதை மலர் அக்காவைப்போல எழுத ஒருவரும் இல்லை. இந்த மேற்கு யூலன்ட் பகுதிக் கிழவர்கள் செத்தாலும் நோகிறது என்று சொல்லமாட்டார்கள். "அவ்வளவு மோசமில்லை" என்பதுதான் அவர்களுடைய பெரிய முறைப்பாடு. ஆகவே அக்கா அவர்கள் வாயால் சொல்வதை நம்புவதில்லை, பார்ப்பதை எழுதுவார். இங்கெருக்குப் போன வருடம் முதுகெலும்பில் வெடிப்பு என்று முதலில் பிடித்தது எந்த வைத்தியரும் அல்ல, இவர். "நோவு இல்லை என்கிறார். ஆனால் உருளைக்கிழங்கைப் பாதியில் விட்டார். கதிரையின் இடது கையை விடாமல் பிடித்திருக்கிறார்" என்று எழுதினார். வைத்தியர் அதை வாசித்துவிட்டு அன்றே வந்தார்.

"அக்கா," என்றேன், "இப்ப நடந்தது இங்கெருக்கு நடந்திருந்தா என்ன எழுதுவீங்க?"

"அது வேற."

"வேற, வேற எண்டு சொல்லாதீங்க! என்ன எழுதுவீங்க?"

அவர் இன்னும் கையில் இருந்த இங்கெரின் மேஸை மடிக்கத் தொடங்கினார்.

"ரெண்டு எண்டு எழுதுவீங்களா? எழுதினா நானே உங்களைப் பொறுப்பாளரிட்ட கொண்டுபோய் நிப்பாட்டுவன். வாயால சொல்ல வெக்கமா இருந்தா சொல்ல வேணாம். எழுதுங்க. வேற ஆரோ ஒரு மனிசியைப் பற்றி எழுதிற மாதிரி ஒரு கிழமை எழுதுங்க. மறுகா போய்த் தொண்ணூறாயிரத்தைக் கட்டுங்க, நான் வாயே திறக்கமாட்டன்."

நான் வாய் திறக்கமாட்டேன் என்றதை அவர் நம்பவில்லை, அது வேறு விஷயம். ஆனால் எழுதினார். ஒரு கிழமை முடிந்து திங்கட்கிழமை இரண்டு பக்கம் அச்சடித்து மடித்து என் கையில் வைத்துவிட்டு, பார்க்காமல் போய்விட்டார். எங்கள் இல்லத்தில் எழுதுகிற அதே டெனிஷ், அதே ஒழுங்கு. தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்.

"திங்கள். அறுபத்தொரு வயதுப் பெண். கணவருடன் வசிக்கிறார். ஐந்தரைக்கு எழுந்தார். இடது காலுக்குக் குனிந்து மேஸ் போட முடியாது. நீளக் கரண்டியின் பிடியில் மேஸைக் கொழுவி உள்ளே காலை விடுகிறார். பதினொரு நிமிடம் எடுத்தது. இதற்காகக் குளியலறைக் கதவைப் பூட்டுகிறார்."

"செவ்வாய். நோவு இல்லை என்கிறார். ஆனால் உடுப்புத் தோய்க்க நிலக்கீழ் அறைக்குப் பின்பக்கமாகத்தான் படி இறங்குகிறார். யாராவது வந்தால் எதையோ மறந்தவர்போல நின்று யோசிக்கிறார்."

"புதன். எட்டு மாதமாகக் கோயிலுக்குப் போகவில்லை. நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. கேட்பவர்களிடம் வேலை என்று சொல்கிறார்."

"வியாழன். இரண்டு வருடமாக சோபாவில் படுக்கிறார். கணவரின் குறட்டையே காரணம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். உண்மைக் காரணம்: கட்டிலில் திரும்பும்போது தன்னையறியாமல் சத்தம் போடுகிறார். கணவர் விழித்துவிடுவார்."

"சனி. வைத்தியரிடம் போகுமுன் மாத்திரை எடுப்பதாக ஒப்புக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு வெட்கப்பட்டார்."

"ஞாயிறு. மகன் தொலைபேசியில் சுகம் கேட்டார். நல்ல சுகம் என்றார். பின்பு குசினியில் நின்று அழுதார்."

கடைசியில், நாங்கள் வழக்கமாக மதிப்பீடு எழுதுகிற இடத்தில், ஒரு வரி: "இவர் தனது நோவைக் குறைத்துச் சொல்கிறார். இவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்."

பதினாறு வருடம் இந்த மனிசிக்குப் பக்கத்தில் நின்று கட்டில் விரித்திருக்கிறேன். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

அன்று பின்னேரம் தவராஜா அண்ணையின் தொலைபேசி வந்தது. இன்னொரு பிரதி குசினி மேசையில் இருந்திருக்கிறது. அண்ணையின் டெனிஷ் பக்டரி டெனிஷ், ஆனாலும் வாசித்து விளங்குகிற அளவுக்கு இருக்கிறது.

"செலீனா, இந்த மனிசி ஆர்?"

"உங்கட மனிசிதான் அண்ணை."

தாளைத் திருப்புகிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் ரெண்டு வருசமாய் அந்தக் குறட்டை மெசினை மூக்கில கொழுவிக்கொண்டு படுக்கிறன்," என்றார். "ரெண்டு வருசம், பிள்ளை! சேர்ட்டிபிக்கேட் இல்லாத விமானி மாதிரி!"

சிரிக்க வேண்டுமா, வேண்டாமா என்று தெரியவில்லை. இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அண்ணை மூக்கை உறிஞ்சினார். அடுத்தநாள் தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்து, முற்பணம் கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார்.

குடும்ப வைத்தியர் இரண்டு பக்கத்தையும் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை அப்படியே இணைத்து அனுப்புகிறேன் என்றார். மூன்று கிழமையில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. கூட ஆட்களைக் கூட்டிவரலாம் என்றிருந்தது. அண்ணையும் நானும் போனோம். நான் போனது துணைக்கல்ல, காவலுக்கு. காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக மாத்திரைப் பெட்டியை வாங்கி என் கோட்டுப் பையில் போட்டேன். நல்ல கோட்டை மட்டும் விட்டுவிட்டேன். பாவம், அதையும் பறித்தால் மனிசி வீட்டை விட்டே வெளிக்கிட்டிருக்காது.

கார் தரிப்பிடத்திலிருந்து வாசலுக்கு நூறு மீற்றர்கூட இருக்காது. அன்று அது எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். நடுவில் இரண்டு முறை நின்று கைப்பைக்குள் எதையோ தேடினார். ஒன்றும் தேடவில்லை. இப்போது எனக்கு அவருடைய குறிப்புகள் தெரியும்.

அதே பெண் நிபுணர்தான். இரண்டு பக்கமும் அவருக்கு முன்னால் இருந்தது. "இதை எழுதியது யார்?" என்று கேட்டார்.

"நான்," என்றார் அக்கா.

"நல்ல குறிப்பு. இதை எழுதியவர்மீது எனக்கு நம்பிக்கை. இந்தக் குறிப்பில் இருக்கிற பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை." அவர் சிரிக்காமல், ஆனால் கடுமை இல்லாமல் சொன்னார். "கதவுவரை நடந்துவிட்டு வாருங்கள்."

அக்கா எழும்பினார். வழக்கம்போல முதுகு நிமிர்ந்தது, மோவாய் உயர்ந்தது. போச்சு, இன்னொரு பன்னிரண்டு வாரப் பயிற்சிதான் என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடிக்கு நின்றார். அண்ணையை ஒருமுறை பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோளைத் தளர்த்தி, மேசையின் விளிம்பைப் பிடித்து, உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்து, இடது காலை இழுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரும் இல்லாதபோது எப்படி நடப்பாரோ அப்படி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு சத்தமாக வந்தது. அதை மறைக்கவில்லை. கதவைத் தொட்டு, திரும்பி வந்து கதிரையில் இருந்தார். கண்ணீர் வழிந்து பவுடரில் கோடு விழுந்திருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டார் நிபுணர்.

"எட்டு," என்றார் அக்கா. "இரவில் ஒன்பது."

நிபுணர் தலையாட்டி எழுதினார். சத்திரசிகிச்சை செய்வோம் என்றார். அவ்வளவு சுலபம். பிறகு இங்கே இப்போது காத்திருப்பு ஐந்து மாதத்துக்கு மேல் என்றும், அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை, குறித்த நாட்களுக்குள் எங்களால் செய்ய முடியாவிட்டால் அரசாங்கச் செலவில் தனியாரிடம் போகிற உரிமை உங்களுக்கு உண்டு என்றும் சொன்னார். வெளியே செயலாளர் பெண் தனியார் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் ஒன்றைத் தந்தார். இரண்டாவது பெயரில் அண்ணையின் விரல் நின்றது.

"இது நாங்கள் போன இடமெல்லே? கேக் தந்த இடம்!"

"எவ்வளவு கட்டணம்?" என்று அண்ணை அந்தப் பெண்ணிடம் டெனிஷில் கேட்டார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. அண்ணை திரும்பவும் கேட்டார். ஒன்றும் கட்டத் தேவையில்லை, நாங்கள் கட்டுவோம் என்றார் அந்தப் பெண். அண்ணை அதை மூன்றாம் முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நாலு கிழமையில், வருடம் முடிவதற்கு முன்பே, ஒரு நாள் இருந்தது. அந்த இடத்திலேயே பதிவு செய்தோம். பொறுப்பாளருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன். மூன்று மாதம் லீவு, பிறகு வேலைக்கு வரட்டும், இடம் இருக்கும் என்று பதில் வந்தது. அக்கா அதை என் தொலைபேசியில் இரண்டு முறை வாசித்தார்.

நடைகூடத்தில் ஒரு வாங்கு இருந்தது. அக்கா இனி ஒரு அடி வைக்க முடியாது என்று சொல்லாமலே அதில் இருந்தார். அண்ணை பக்கத்தில் இருந்தார். நான் மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் வாங்கிக் கொடுத்தேன். அவர் விழுங்கினார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம், மலர்," என்றார் அண்ணை. "முப்பத்தாறு வருசம் ஒரு வீட்டில இருக்கிறம். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"நீங்கள் சொன்னனீங்களே?"

"என்னத்தை?"

"கையை."

அண்ணை இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டார். இருபத்தெட்டு வருடம் பனிக்கட்டி மீனில் கிடந்த கைகள். நான் அவற்றை அதுவரை கவனித்ததே இல்லை. அக்கா தொடர்ந்தார். "போத்தல் மூடி திறக்க ஏலாமல் கராச்சுக்குப் போய் ஆணி பிடுங்கிற குறட்டால திறக்கிறீங்கள். சேட்டுப் பட்டன் எல்லாத்தையும் முதலே பூட்டிப்போட்டுத் தலையால போடுறீங்கள். எனக்குக் கண் இல்லை எண்டு நினைச்சீங்களோ?"

அண்ணை எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாதி வண்டில் தள்ளிக்கொண்டு போனார்.

"நோகுதுதான்," என்றார் கடைசியில்.

நான் கார் எடுக்கப் போகிறேன் என்று எழும்பினேன். இரண்டு அடி போனதும் பின்னால் கைப்பை திறக்கிற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். மலர் அக்கா ஒரு பேனாவை எடுத்து, ஆஸ்பத்திரிப் பட்டியலின் வெறும் பின்பக்கத்தை மடியில் விரித்து வைத்திருந்தார்.

"எப்ப கூட நோகுது?" என்று அண்ணையிடம் கேட்டார். "காலமையோ, பின்னேரமோ?"

"காலமை," என்றார் அண்ணை.

அக்கா எழுதினார்.